கையை எப்ப எடுக்கிறது? விமானம் பழக்கினவர்களின் வரலாறு

1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் ஒரு சின்ன விமானம் வந்து இறங்கியது. டி ஹவிலண்ட் கம்பெனியின் 'புஸ் மொத்'. வந்தது மெட்ராஸில் இருந்து. இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் இதுதான் எண்டு வரலாற்றில் பதிவாகியிருக்கு. ஓட்டி வந்தவர் பெயர் டிண்டேல் பிஸ்கோ. அவர் யாரெண்டு தேடிப் பார்த்தா, மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுவிப்பாளர். அதாவது, நம்மட நாட்டு ஓடுபாதையில் முதன்முதலா சில்லுப் பதிச்சவர் ஒரு வாத்தியார்.

இந்தத் தகவலை வாசிச்ச நாள்ல இருந்து எங்களுக்குள்ள ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. இறக்காமத்தில் இருந்து போய் அம்பாறை டவுனைத் தாண்டினா உகனையில் விமானப்படைத் தளம் இருக்கு. வயலுக்கு மேலால ஹெலிகொப்டர் போறதை அண்ணாந்து பார்க்காத புள்ள ஊரில் இல்லை. "பெரிசானா என்ன ஆகப்போற மனே?" எண்டு கேட்டா "பைலட்" எண்டு சொல்ற புள்ளைகளுக்கும் குறைச்சல் இல்லை. ஆனா "பைலட்டுமாருக்குப் பழக்கிக் கொடுக்கப் போறன்" எண்டு ஒரு புள்ள சொல்லி நாங்க கேட்டதில்லை. பறந்தவர்களின் வரலாறு எல்லாருக்கும் தெரியும். பறக்கப் பழக்கினவர்களின் வரலாறு யாருக்குத் தெரியும்?

அதைத் தேடி வாசிக்கும்போது நாங்க எதிர்பார்க்காத ஒண்டு தெரிய வந்தது. விமானம் பழக்குற தொழில், கெட்டிக்கார விமானிகளால் உருவான தொழில் இல்லை. மாணவர்கள் விட்ட பிழைகளால் உருவான தொழில். ஒரு மாணவன் செத்தா "அவனுக்குத் திறமை போதாது" எண்டு சொல்லிக்கொண்டு இருந்த காலம் வரைக்கும் அது தொழிலாகவே இல்லை. "நாம பழக்கினதில் என்ன குறை?" எண்டு ஒருத்தர் கேட்ட பிறகுதான் அது தொழிலானது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

பழக்க ஆளில்லாத காலம்

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். சிறகு கட்டிக்கொண்டு உயரமான இடத்தில் இருந்து பாய்ந்து, கொஞ்ச நேரம் காற்றில் மிதந்து, இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல்-மக்கரி எழுதிவைத்திருக்கிறார். பறவை இறங்குறதுக்கு வாலைப் பயன்படுத்துது, இவர் வால் வைக்க மறந்துட்டார் என்பதுதான் அந்தக் கதையில் உள்ள விளக்கம். சொல்லிக் கொடுக்க ஒருத்தரும் இல்லாதவருக்கு அவருடைய முதுகெலும்புதான் வாத்தியார்.

ஆயிரம் வருசத்துக்குப் பிறகும் நிலைமை பெரிசா மாறவில்லை. 1909இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த லூயி பிளேரியோ, பிரான்சில் விமானப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். அவருடைய விமானத்தில் ஒரே ஒரு இருக்கைதான். வாத்தியார் உட்கார இடமே இல்லை. அதனால் மாணவனை முதலில் சிறகு குறுக்கப்பட்ட ஒரு விமானத்தில் தனியா ஏத்தினாங்க. எஞ்சின் ஓடும், சில்லு உருளும், ஆனா மேலே எழும்பாது. அதுக்குப் 'பெங்குவின்' எண்டு பேர் வைச்சாங்க. தரையில் நேர்கோட்டில் ஓட்டப் பழகின பிறகு கொஞ்சம் எழும்புற விமானம், பிறகு பறக்குற விமானம். வாத்தியார் தரையில் நின்று பார்த்து, இறங்கி வந்த பிறகு சொல்லுவார். மாணவன் இறங்கி வராவிட்டால் சொல்ல ஒண்டும் இல்லை.

அதே 1909இல் பிரான்சின் போ நகரத்தில் வில்பர் ரைட் வேறு வழியில் பழக்கினார். ரைட் விமானத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஆனா சிறகை முறுக்குற நெம்புகோல் ஒண்டே ஒண்டுதான், அதுவும் இரண்டு பேருக்கும் நடுவில். வில்பர் இடது பக்கம் இருந்து அதை வலது கையால் பிடிப்பார். வலது பக்கம் இருக்கிற மாணவன் அதையே இடது கையால் பிடிக்க வேண்டும். இதனால ஒரு வேடிக்கை நடந்தது. ரைட் விமானங்களில் பழகினவர்கள் 'இடது இருக்கைக்காரர்', 'வலது இருக்கைக்காரர்' எண்டு இரண்டு சாதியாப் பிரிஞ்சாங்க. ஒரு பக்கம் பழகினவருக்கு மறுபக்கம் ஓட்ட வராது. வாத்தியார் எங்க உட்கார்ந்தாரோ, அது மாணவனின் கையில் பதிஞ்சு போனது.

பிரித்தானியாவின் 'பொக்ஸ்கைட்' விமானத்தில் இன்னும் மோசம். வாத்தியார் முன்னால், மாணவன் பின்னால். மாணவன் வாத்தியாரின் தோளுக்கு மேலால எட்டி ஸ்டிக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். தொட்டுப் பார்த்தவன் ஒரு நாள் முன் இருக்கைக்கு மாறித் தனியா ஏறுவான்.

இங்க ஒண்டைக் கவனிங்க. இந்த வாத்திமார் எல்லாருக்கும் விமானம் ஓட்டத் தெரியும். ஆனா தங்களுக்கு என்ன தெரியும் என்று அவர்களுக்கே தெரியாது. அறிவு கையில் இருந்தது, வாயில் இல்லை. நம்மட ஊரில் லேண்ட்மாஸ்டர் ஓட்டப் பழக்குற காக்காமாரிடம் "எப்படி வரம்பில் ஏத்துறீங்க?" எண்டு கேட்டுப் பாருங்க. "பார், இப்படித்தான்" எண்டு ஏத்திக் காட்டுவாங்க. அதுக்கு மேல சொல்ல வராது. வயலில் அது போதும். வானத்தில் போதாது.

மாணவனை எதிரி எண்டு கூப்பிட்ட காலம்

முதலாம் உலகப் போர் வந்ததும் விமானிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். யார் பழக்குவது? பிரித்தானியப் படையில் அந்த வேலை பெரும்பாலும் போர்முனையில் களைத்துப் போனவர்களுக்கும், காயப்பட்டு வந்தவர்களுக்கும் ஓய்வு மாதிரிக் கொடுக்கப்பட்டது. பழக்கத் தெரியுமா எண்டு யாரும் பார்க்கவில்லை. பலருக்கு அந்த வேலையில் விருப்பமும் இல்லை, பயமும் இருந்தது. எதிரியின் துப்பாக்கிக்குத் தப்பி வந்தவர், ஒரு பதினெட்டு வயசுப் பையனின் கையால் சாக விரும்புவாரா?

அந்த வாத்திமார் தங்கள் மாணவர்களுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஹன்'. ஜெர்மன்காரனைத் திட்டுற சொல் அது. எதிரி நம்மைக் கொல்லப் பார்க்கிறான், மாணவனும் நம்மைக் கொல்லப் பார்க்கிறான், இரண்டு பேரும் ஒண்டுதான் என்கிற பகிடி. இந்தப் பகிடிக்குள்ளே அந்தக் காலத்தின் கல்விக் கொள்கை முழுக்க இருக்கு. மாணவன் என்றால் ஆபத்து. அவனிடம் ஸ்டிக்கைக் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

அதனால மாணவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய மணித்தியாலங்கள் பறந்துவிட்டு, காற்று இல்லாத அமைதியான காலை நேரங்களில் மட்டும் சுற்றிவிட்டு, போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். எதிரியின் முகத்தையே பார்க்காமல் பயிற்சி மைதானங்களிலேயே விழுந்து செத்தவர்கள் ஏராளம். ஒவ்வொரு சாவுக்கும் ஒரே விளக்கம்: அவனுக்கு மனத்தைரியம் இல்லை, அவனுக்குக் கை வராது.

இந்த விளக்கத்தை ஏற்காத ஒருவர் ரொபர்ட் ஸ்மித் பரி. 1912இல் தொடங்கிய மத்திய பறப்புப் பள்ளியின் ஆரம்ப மாணவர்களில் ஒருவர். 1914 ஓகஸ்டில், போர் தொடங்கிய மாதத்திலேயே, பிரான்சில் விழுந்து கால்கள் முறிந்தன. வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார். 1916இல் 60ஆவது படையணிக்குத் தலைமை தாங்கியபோது, புதுசாக வந்து சேர்கிற பையன்கள் ஓட்டவே தெரியாமல் வருவதையும், வந்த கையோடு சாவதையும் கண்ணால் பார்த்தார். மேலிடத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பையன்களில் குறை இல்லை, பழக்குகிற முறையில் குறை என்பதுதான் அவருடைய வாதம். "அப்ப நீயே செய்து காட்டு" என்பது போல 1916 டிசம்பரில் இங்கிலாந்தின் கொஸ்போர்ட்டில் ஒரு பயிற்சிப் படையணியை அவரிடம் கொடுத்தார்கள்.

குழாய் வழியாகப் போன பேச்சு

கொஸ்போர்ட்டில் அவர் செய்த முதல் மாற்றம் இருக்கையில். தனியாகப் பறக்கும்போது விமானி எந்த இருக்கையில் இருப்பாரோ, அந்த இருக்கையில் மாணவனை முதல் நாளே உட்கார வைத்தார். 'அவ்ரோ 504' விமானத்தில் இரண்டு இருக்கைக்கும் தனித்தனி ஸ்டிக், தனித்தனிப் பெடல். இரண்டும் உள்ளுக்குள் இணைந்தவை. ஒருவர் அசைத்தால் மற்றவருக்கும் தெரியும். தோளுக்கு மேலால எட்டிப் பார்க்கிற காலம் முடிந்தது.

இரண்டாவது மாற்றம் ஒரு குழாய். திறந்த விமானத்தில் காற்றும் எஞ்சினும் போடுகிற சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அதுவரைக்கும் கையைக் காட்டியும், தலையில் தட்டியும்தான் பாடம் நடந்தது. கொஸ்போர்ட்டில் வாத்தியாரின் வாய்க்கும் மாணவனின் காதுக்கும் இடையில் ஒரு பேசும் குழாயைப் பொருத்தினார்கள். இன்றைக்கும் அதன் பெயர் 'கொஸ்போர்ட் குழாய்'.

பார்த்தா சின்ன விசயம். ஆனா இந்தக் குழாய் வந்ததும் வாத்திமாருக்கு ஒரு பெரிய சிக்கல் வந்தது. இப்ப மாணவனுக்குக் கேட்கும். என்ன சொல்வது? "பார், இப்படித்தான்" எண்டு சொல்லித் தப்ப முடியாது. வளைவில் திரும்பும்போது தன் கை முதலில் என்ன செய்கிறது, கால் எப்போது சேருகிறது, மூக்கு கீழே போகத் தொடங்குவதைத் தான் எதை வைத்து அறிகிறேன் என்று வாத்தியார் தன்னையே கவனிக்க வேண்டியதாயிற்று. கொஸ்போர்ட்டில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சொல்வரிசை உருவாக்கினார்கள். கையும் வாயும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும்: செய்துகொண்டே சொல்வது, சொல்லிக்கொண்டே செய்வது. 1917இல் அந்த இடம் 'விசேட பறப்புப் பள்ளி'யாக மாறியபோது, அங்கே படிக்க வந்தவர்கள் மாணவர்கள் இல்லை, வாத்திமார். வாத்தியாருக்கும் பயிற்சி வேண்டும் என்பதை அந்தப் பள்ளி ஒரு விதியாகவே ஆக்கியது. அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

உயர்தரத்தில் பௌதிகவியலோ இணைந்த கணிதமோ படிச்சவங்களுக்கு இது விளங்கும். ஒரு கணக்கைத் தனக்குப் போடத் தெரிந்தவர் வேறு, பக்கத்தில் இருக்கிற கூட்டாளிக்கு அதை விளங்கப்படுத்தத் தெரிந்தவர் வேறு. விளங்கப்படுத்தப் போகும்போதுதான் நமக்கே அந்த இரண்டாவது வரி சரியா விளங்கவில்லை என்பது தெரியும்.

மறைச்சு வைச்ச ஆபத்து

விமானம் வேகம் குறைந்து, ஒரு பக்கம் சரிந்து, பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டு விழுவதை 'ஸ்பின்' என்பார்கள். ஆரம்ப காலத்தில் ஸ்பின்னில் விழுந்தவர் செத்தார் எண்டுதான் கணக்கு. 1912 ஓகஸ்ட் 25ஆம் திகதி வில்பிரட் பார்க் என்கிற பிரித்தானிய விமானி சுழன்று விழுந்துகொண்டிருந்தார். தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தும் சரிவராமல், கடைசி முயற்சியாகச் சுழல்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுக்கானை அழுத்தினார். நிலத்தில் முட்டக் கொஞ்ச உயரம் இருக்கும்போது விமானம் நிமிர்ந்தது. 1917இல் பிரடெரிக் லிண்டமன் என்கிற பௌதிகவியலாளர் தானே விமானம் ஓட்டப் பழகி, வேண்டுமென்றே ஸ்பின்னில் விழுந்து, விழும்போதே அளவுகளைக் குறித்து, ஏன் அப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தார்.

இதில் ஒரு பொல்லாத விசயம் இருக்கு. விமானம் மூக்குக் குத்தி விழும்போது எந்த மனிசனும் இயல்பாகச் செய்வது ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுப்பது. இழுத்தா ஸ்பின் விடாது. எதிர்ப்பக்கச் சுக்கானை அழுத்தி, ஸ்டிக்கை முன்னால், அதாவது நிலத்தை நோக்கித் தள்ள வேண்டும். உயிர் தப்ப வேண்டுமென்றால் உயிர்ப்பயம் சொல்வதற்கு எதிராகச் செய்ய வேண்டும். இதை வாயால் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை. வயிற்றில் பழக வேண்டும்.

கொஸ்போர்ட்டுக்கு முன்பு வாத்திமார் மாணவர்களை ஆபத்தில் இருந்து தூரமாக வைத்திருந்தார்கள். ஸ்மித் பரி அதைத் தலைகீழாக்கினார். மாணவனை உயரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஸ்பின்னில் விழவிட்டு, வெளியே வரப் பழக்கினார். காற்று அடிக்கிற நாளிலும் பறக்கவிட்டார். ஆபத்தை மறைத்து வைப்பதை விட, வாத்தியார் பக்கத்தில் இருக்கும்போதே அதைக் காட்டிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்பது அவருடைய கொள்கை.

இறக்காமம் குளத்தில் நீந்தப் பழகினவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஒரு வகை வாப்பாமார் "குளத்துப் பக்கம் போகாத" எண்டு தடுத்து வைப்பாங்க. இன்னொரு வகை, புள்ளயைக் கூட்டிக்கொண்டு போய், கால் எட்டாத இடம் எது எண்டு காட்டி, அங்க ஒருக்கா விட்டுப் பிடிப்பாங்க. முதல் வகையில் வளர்ந்த புள்ள ஒரு நாள் கூட்டாளிமாரோட களவாப் போகும். அப்ப அதுக்குக் கால் எட்டாத இடம் தெரியாது.

உடம்பு சொல்ற பொய்

மாணவர்களைப் பார்த்து வாத்திமார் தங்களைப் பற்றியே கற்றுக்கொண்ட இன்னொரு பாடம், முகிலுக்குள் நடந்தது. முகிலுக்குள் போனால் அடிவானம் தெரியாது. அனுபவமுள்ள விமானிகள் "எங்களுக்கு உடம்பால விளங்கும்" எண்டு நம்பிக்கொண்டு இருந்தார்கள். விளங்காதது புதுப் பையன்களுக்குத்தான் எண்டு நினைச்சாங்க.

1926இல் அமெரிக்க விமானி வில்லியம் ஒக்கர் ஒரு மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். கண்ணைக் கட்டி, சுழலும் கதிரையில் உட்கார வைத்தார்கள். கதிரை வேகம் குறைந்தபோது நின்றுவிட்டது என்றார். நின்றபோது எதிர்ப்பக்கம் சுத்துது என்றார். பல வருசம் பறந்த மனிசர் அவர். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஏமாந்தால், திறமைசாலியும் தொடக்கக்காரரும் ஒரே மாதிரித்தான் ஏமாறுவார்கள் என்பது அந்தக் கதிரையில் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கதிரையையே பாடமாக்கினார் ஒக்கர். "எனக்கு அப்படி நடக்காது" எண்டு சொன்ன ஒவ்வொரு விமானியையும் அதில் இருத்திச் சுத்தினார். பிறகு கருவியை நம்பப் பழக்கினார். 1932இல் கார்ல் கிரேன் என்பவருடன் சேர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அதே காலத்தில் எட்வின் லிங்க் என்கிற இன்னொரு அமெரிக்கர், தரையில் இருந்தபடியே விமானம் பழகும் ஒரு பெட்டியை 1929இல் செய்து முடித்தார். அவருடைய குடும்பத் தொழில் பியானோவும் ஓர்கனும் செய்வது. ஓர்கனுக்குக் காற்றடிக்கிற துருத்திகளை வைத்தே அந்தப் பெட்டியைச் சாய்த்தும் திருப்பியும் காட்டினார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. விளையாட்டுச் சாமான் எண்டு படை திரும்பிப் பார்க்கவில்லை. 1934இல் அமெரிக்கப் படைக்கு வான்வழித் தபால் கொண்டு போகிற வேலை கிடைத்தது. குளிர்காலம், மோசமான வானிலை, கருவி பார்த்துப் பறக்கப் பழகாத விமானிகள். சில வாரங்களிலேயே அடுத்தடுத்து விபத்துகள், சாவுகள். அதற்குப் பிறகுதான் படை ஆறு லிங்க் பெட்டிகளை வாங்கியது. பிழை விட்டாலும் உயிர் போகாத ஓர் இடம் மாணவனுக்குத் தேவை என்பதை ஒப்புக்கொள்ள இத்தனை ஜனாஸாக்கள் தேவைப்பட்டன.

எப்ப பிடிக்கிறது, எப்ப விடுறது

விமான வாத்தியாரின் மிகக் கஷ்டமான வேலை பறப்பதல்ல, சும்மா இருப்பது. மாணவன் இறங்க வருகிறான். கொஞ்சம் உயரமாக வருகிறான். வாத்தியாருக்கு இது முன்கூட்டியே தெரியும். அவர் கை துடிக்கும். உடனே பிடித்துச் சரி செய்தால் விமானம் அழகாக இறங்கும், ஆனா மாணவன் ஒண்டும் படிக்கவில்லை. விட்டுவிட்டால் மாணவன் தன் பிழையைத் தானே கண்டு, தானே திருத்தலாம். அல்லது நேரம் கடந்து போகலாம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சில வினாடிகளை அளக்கத் தெரிவதுதான் இந்தத் தொழில். அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒவ்வொரு மாணவனும் வேறு வேறு இடத்தில் பிழை விட்டு, வாத்தியாருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறான்.

சில நேரம் யோசிக்க நேரமே இருக்காது. 1941 டிசம்பர் 7ஆம் திகதி காலை ஹவாயில் கோர்னேலியா போர்ட் என்கிற பெண் பயிற்றுவிப்பாளர் ஒரு மாணவருக்கு இறங்கப் பழக்கிக்கொண்டிருந்தார். தங்களை நோக்கி ஒரு படை விமானம் நேராக வருவதைக் கண்டார். மாணவரின் கையில் இருந்து கட்டுப்பாட்டைப் பறித்து, விமானத்தை மேலே இழுத்துத் தப்பினார். கீழால் கடந்து போன விமானத்தின் சிறகில் சிவப்பு வட்டம். பேர்ள் ஹார்பர் தாக்குதல் தொடங்கியிருந்தது. மாணவரின் கையைப் பார்த்துக்கொண்டே வானத்தையும் பார்க்கிற பழக்கம் அன்றைக்கு இரண்டு உயிரைக் காத்தது.

பிடிப்பதிலும் விடுவதிலும் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஒரு சின்ன வழக்கம் உருவானது. "கட்டுப்பாடு உன்னிடம்" என்று வாத்தியார் சொல்லவேண்டும். "கட்டுப்பாடு என்னிடம்" என்று மாணவர் திருப்பிச் சொல்லவேண்டும். இரண்டு பேரும் மற்றவர்தான் ஓட்டுகிறார் எண்டு நினைச்சுக்கொண்டு யாருமே ஓட்டாமல் விட்ட சம்பவங்களில் இருந்து வந்த வழக்கம் இது. யாருடைய கையில் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லாத வீடுகளிலும், சங்கங்களிலும், பள்ளிவாசல் நிருவாகங்களிலும் என்ன நடக்குது எண்டு நமக்குத் தெரியாதா?

இருக்கை யாருக்கு?

இவ்வளவு பாடத்தையும் விட முக்கியமான கேள்வி ஒண்டு இருக்கு. பழக்குறது சரி, யாருக்குப் பழக்குறது?

பெஸி கோல்மன் என்கிற கறுப்பினப் பெண்ணை அமெரிக்காவின் எந்த விமானப் பள்ளியும் சேர்க்கவில்லை. பிரெஞ்சு மொழி படித்து, கடல் தாண்டிப் பிரான்சுக்குப் போய் 1921இல் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தார். 1925இல் அமெரிக்கப் படைக் கல்லூரி ஒன்று தயாரித்த அறிக்கை, கறுப்பினத்தவர்களுக்குப் போரில் பொறுப்பான வேலை செய்யும் ஆற்றல் பிறப்பிலேயே குறைவு என்கிற கருத்தைக் கூச்சமில்லாமல் எழுதி வைத்தது. மாணவன் செத்தால் மாணவனில் குறை என்ற பழைய விளக்கத்தின் இன்னும் கொடிய வடிவம் இது. இங்கே மாணவன் ஏறுவதற்கு முன்பே குறை சொல்லியாயிற்று.

சார்ல்ஸ் அல்பிரட் அன்டர்சன் என்ற கறுப்பின இளைஞருக்கும் பழக்க ஆள் கிடைக்கவில்லை. கடன் வாங்கிச் சொந்தமாகவே ஒரு விமானம் வாங்கி, பெரும்பகுதி தானாகவே பழகி, 1929இல் அனுமதிப்பத்திரம் எடுத்தார். வணிக அனுமதிப்பத்திரத்துக்கு அவருக்குப் பழக்கிக் கொடுத்தவர் எர்னஸ்ட் பூல் என்கிற ஜெர்மன்காரர். பழக்க ஆளில்லாத அந்த அன்டர்சன்தான் பிறகு டஸ்கீகீயில் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். 1941 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அங்கு வந்து, பாதுகாப்பு அதிகாரிகள் தடுத்தும் கேளாமல் அன்டர்சனின் விமானத்தில் ஏறிச் சுற்றி வந்தார். போர் முடிகிற காலத்துக்குள் டஸ்கீகீயில் இருந்து 900க்கும் மேற்பட்ட கறுப்பின விமானிகள் வெளியே வந்தார்கள். 1925 அறிக்கைக்கு யாரும் பதில் கட்டுரை எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை.

சீனக்குடாவில்

நம்மட நாட்டுக்கு வருவோம். 1951 மார்ச் 2ஆம் திகதி றோயல் சிலோன் விமானப்படை தொடங்கியது. முதல் தளபதி பிரித்தானியர். முதலில் வந்த விமானம் 'சிப்மங்க்' என்கிற பயிற்சி விமானம். நாட்டின் விமானப்படையே ஒரு பழகு விமானத்தில் தொடங்கியது என்பது எங்களுக்குப் பிடித்த தகவல்.

இந்த இடத்தில் இருக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிப்மங்குக்கு முன்பு பிரித்தானிய உலகம் முழுக்கப் பழக்கின 'டைகர் மொத்' விமானத்தில் வாத்தியார் முன்னால், மாணவன் பின்னால். சிப்மங்கில் மாணவன் முன்னால், வாத்தியார் பின்னால். மாணவனுக்கு முன்னால் ஒரு முதுகு இல்லை, முழு வானமும் அவனுக்குத்தான். பொக்ஸ்கைட்டில் தோளுக்கு மேலால எட்டிப் பார்த்த மாணவன் முன் இருக்கைக்கு வந்து சேர ஏறத்தாழ 40 வருசம் எடுத்தது. பிறகு வந்த செஸ்னா 150இல் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்.

இப்ப நாட்டின் விமானப்படை அகடமி திருகோணமலை சீனக்குடாவில் இருக்கு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட அதே இடம். 2020 நவம்பர் 16ஆம் திகதி அங்கே நடந்த வைபவத்தில், இலங்கை விமானப்படையின் முதல் பெண் விமானிகள் இரண்டு பேருக்குச் சிறகுச் சின்னம் அணிவிக்கப்பட்டது. படை தொடங்கி 69 வருசத்துக்குப் பிறகு. அடுத்த மாதம், டிசம்பர் 15ஆம் திகதி, அங்கிருந்து தனியாகப் புறப்பட்ட ஒரு மாணவ விமானி கந்தளாய்ப் பக்கம் நடந்த விபத்தில் உயிரிழந்தார். ஒரே பள்ளிக்கூடம், ஒரு மாத இடைவெளி. பழக்குகிற வேலையின் இரண்டு பக்கமும் அதில் தெரியுது. இத்தனை வருச முறைகளும் கருவிகளும் வந்த பிறகும் மாணவரைத் தனியா அனுப்புகிற நாள் இலேசான நாள் ஆகவில்லை. ஆனா அனுப்பாமல் இருக்கவும் முடியாது. அனுப்பாத வாத்தியார், பழக்காத வாத்தியார்.

கிழக்கில் இருக்கிற நமக்கு இந்த வரலாறு எதுக்கு? விமானி ஆவதற்கு ஆகிற செலவு ஒரு குடும்பத்தின் வயல்காணியைக் கேட்கிற செலவு. நம்மில் ரொம்பப் பேர் அந்த இருக்கையில் உட்காரப் போறதில்லை. ஆனா நம்மில் ரொம்பப் பேர் பழக்கப் போறோம். கிளாஸ் எடுக்கப் போறோம். மதரஸாவில் ஓதிக் கொடுக்கப் போறோம். தங்கச்சிக்கு மோட்டார் சைக்கிள் பழக்கப் போறோம், பழக்கவும் வேணும். "இந்தப் புள்ளக்கி மண்டையில ஏறாது" எண்டு நம்மட ஊரில் எவ்வளவு இலேசாச் சொல்றாங்க எண்டு யோசிச்சுப் பாருங்க. 1916இல் அதையே சொன்னவர்களுக்குச் செத்த உடல்களின் எண்ணிக்கை பதில் சொன்னது. வகுப்பறையில் உடல் விழுவதில்லை, அதனால நம்மட வாத்திமாருக்கு அந்தப் பதில் கிடைக்கிறதில்லை. புள்ள ஓ.எல். முடிய நின்டு போகும், அவ்வளவுதான். யாரும் விசாரணைக் குழு வைக்க மாட்டாங்க.

முதன்முதலாத் தனியாப் பறக்கப் போகிற மாணவரிடம், விமானத்தை விட்டு இறங்குவதற்கு முன்பு பல வாத்திமார் ஒரு எச்சரிக்கை சொல்லுவாங்க. நான் இறங்கினதும் விமானத்தில் ஒரு ஆளின் பாரம் குறையும். நீ பழகினதை விட முன்னுக்கே நிலத்தை விட்டு எழும்பும், வேகமாவும் மேல ஏறும். பயப்படாத, அது பிழை இல்லை. அப்படிச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, ஓடுபாதை ஓரமா நடந்து போய் நின்டு, அண்ணாந்து பார்ப்பாங்க.